அநாதை மாட்டுக்கு அடைக்கலம் கொடுக்கும் முன்

பால்மாடு வளர்ப்பவருக்குக் காளைக்கன்று வெறும் செலவு. உழவு இயந்திரம் வந்தபின் எருமைக்கடாவுக்கு வயலில் வேலையில்லை. மாத்தளை மாவட்டத்தில் மட்டுமல்ல, எங்குமே மாடுகள் வீதிக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான். கால் ஒடிந்து கிடக்கும் ஒன்றைக் கண்டு மனம் பொறுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருபவர் புண்ணியம் செய்கிறார். பொலிஸாரின் கண்ணுக்கோ அவர் மாட்டுத் திருடராகவும் தெரியக்கூடும்.

1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டப்படி மாட்டுக்குப் பதிவு உண்டு; கைமாறினால் சீட்டு உண்டு; ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். சீட்டில்லாத மாட்டை லொறியில் ஏற்றி இறத்தோட்டையிலிருந்து நாவுலவுக்குப் போனால், வழியில் மறிப்பவரிடம் இரக்கத்தைக் காட்டித் தப்ப முடியாது. ஆகவே முதலில் மாட்டைக் கிடக்கும் இடத்திலேயே படமெடுங்கள். காதுத்தகட்டின் இலக்கத்தையும் சூட்டுக்குறியையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தை வாங்குங்கள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினால், புரியாமல் கையொப்பமிட வேண்டாம். அரச அலுவலகத்தில் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது; மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். வீதியில் அலையும் கால்நடையைப் பிடித்துக் கட்டும் அதிகாரம் பிரதேச சபைக்கு இருப்பதால் அங்கும் சொல்லிவையுங்கள். லயத்தில் வாழ்பவர்கள் கொட்டில் போடுமுன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெறுவது நல்லது. பிறகு வரும் தகராறு மாட்டைத்தான் மீண்டும் தெருவில் விடும்.

அடுத்தது தீனி. பட்டினி கிடந்த மாட்டுக்குப் பானை நிறையச் சோறு வைப்பது அன்பாகத் தோன்றும். ஆனால் மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் இரைப்பையில் அமிலம் பெருகி மாடு செத்தே போகலாம். தண்ணீர், வைக்கோல், புல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எழ முடியாத மாட்டுக்கு வைக்கோல் மெத்தை போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். பிரதேசத்தின் அரச கால்நடை வைத்தியரை அன்றே அழையுங்கள். பெரிய சிகிச்சைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியசாலை இருக்கிறது.

எச்சில் ஒழுக, தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் நிற்கும் மாட்டின் வாய்க்குள் கைவிடவே கூடாது. அது நீர்வெறுப்பு நோயாக இருக்கலாம். எச்சில் காயத்தில் பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். எலிக்காய்ச்சல் மாட்டின் சிறுநீராலும் பரவும். 2008இல் நாடெங்கும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு அந்தக் காய்ச்சல் கண்டபோது மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. கொட்டிலுக்குள் வெறுங்காலோடு போகாதீர்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

மாட்டை வதைத்துக் கைவிட்டவர்மேல் வழக்குப் போடலாமா? போடலாம். ஆனால் கையிலிருப்பது 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அதில் அபராதத்தின் உச்சம் 100 ரூபா, சிறை 3 மாதம். ஒரு நேரத் தவிட்டுக்கும் காணாத தொகை! சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் அரசாங்கம் மாற மாற இழுபட்டுக்கொண்டே போனது.

இறைச்சிக்குப் போகும் மாட்டை விலை கொடுத்து மீட்டு, ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கும் அபயதானமும் நம் நாட்டில் வழக்கம். நல்ல காரியம்தான், ஆனால் கண்காணிப்பு இல்லையென்றால் அதே மாடு அதே வியாபாரியிடம் திரும்பிப் போகும். ஆகவே காசு கொடுப்பவர்கள், மாடு யார் வீட்டுக்குப் போகிறது, சீட்டு யார் பெயரில் எழுதப்படுகிறது, விற்கமாட்டேன் என்று அவர் எழுத்தில் ஒப்பியிருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.