தோளுக்குள் ஒரு காகத்தின் அலகு

பிள்ளைகளே, கழுத்தடியில் தொடங்கித் தோள் முனை வரை ஓடும் காறை எலும்பை விரலால் தடவிக்கொண்டே போங்கள். தோள் முனையை எட்டுவதற்குச் சற்று முன், அந்த எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம் தட்டுப்படும். அதற்குள் மெல்ல அழுத்துங்கள். உள்ளே கெட்டியாக, உருண்டையாக ஒன்று இருக்கிறதா? லேசாக வலிக்கும். எல்லோருக்கும் அங்கே அப்படித்தான், பயப்பட வேண்டாம்.

அது தோள்பட்டை எலும்பின் ஒரு பகுதி. தோள்பட்டை எலும்பு முதுகில்தானே இருக்கிறது என்பீர்கள். ஆமாம், முக்கோணத் தட்டு போல முதுகில்தான் கிடக்கிறது. ஆனால் அதன் மேல்விளிம்பிலிருந்து ஒரு கொக்கி புறப்பட்டு, வளைந்து, மார்புப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. கிரேக்கர் கண்ணுக்கு அது காகத்தின் அலகாகத் தெரிந்தது. அவர்கள் மொழியில் 'கோராக்ஸ்' என்றால் காகம். மருத்துவர்கள் அதை வைத்தே 'கோரகாய்டு' என்கிறார்கள். நாம் காக்கை அலகு என்போம்.

சின்ன அலகுதான், ஆனால் மூன்று தசைகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புத்தகப் பையைத் தூக்க முழங்கையை மடக்குகிறீர்களே, அந்தத் தசையின் ஒரு தலை இங்கேதான் தொடங்குகிறது. காறை எலும்பைத் தோள்பட்டையோடு இழுத்துக் கட்டும் உறுதியான நார்களும் இதிலிருந்தே கிளம்புகின்றன.

மொன்றியலில் இருக்கும் பிள்ளைகள் மெக்கில் பல்கலைக்கழக வளாகத்தில் 1882இல் திறந்த ரெட்பாத் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே கோர்கோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. 1914இல் அதற்குப் பெயர் வைத்த லாரன்ஸ் லாம்ப் மொன்றியலில் பிறந்தவர். எல்லோரும் அதன் பல்லைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் தோளைப் பாருங்கள். நீண்டு ஒடுங்கிய தோள்பட்டை எலும்பின் முன்நுனியில் வட்டத் தட்டு போல ஒன்று இருக்கும். அதற்கும் கோரகாய்டு என்றே பெயர்.

கோழிக்கறி சமைக்கும் நாளில் அம்மாவிடம் நெஞ்சுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். மார்பெலும்புக்கும் இறக்கை மூட்டுக்கும் நடுவே தூண் போலத் தடித்த எலும்பு ஒன்று வரும். அதுதான் கோழியின் கோரகாய்டு. பறவை இறக்கையை அடிக்கும்போது நெஞ்சுத் தசைகள் பலமாக இழுக்கும். இந்தத் தூண் முட்டுக்கொடுப்பதால்தான் தோள் உள்ளே சரிவதில்லை.

நம்முடைய மிகப் பழைய முன்னோர் விலங்குகளுக்குப் பக்கத்துக்கு இரண்டு இப்படிப்பட்ட எலும்புகள் இருந்தன. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸுக்கு இரண்டும் இன்றும் உண்டு. பறவைக்கு ஒன்று தூணாக நிலைத்தது. நமக்கோ ஒன்று மறைந்தே போனது, மற்றது சுருங்கிக் கொக்கியானது. மார்பெலும்பில் முட்டாததால்தான் நம் தோள்பட்டை இப்படி வழுக்கி நகர்கிறது. எம்பி உயரமான கிளையைப் பிடிக்க முடிவதும் அதனால்தான்.

ஹாக்கி போன்ற ஆட்டங்களில் சிலருக்குத் தோள் மூட்டு திரும்பத் திரும்ப நழுவும். 1954இல் பிரான்சின் மிஷெல் லாத்தர்ஷே என்ற அறுவை மருத்துவர் இந்தக் காக்கை அலகையே வெட்டியெடுத்து, மூட்டுக் குழியின் விளிம்பில் திருகாணியால் பொருத்தினார். நழுவும் மூட்டுக்கு அது அணை போல நின்றது. இன்றும் இந்த முறை வழக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் பிறந்தபோது இந்த அலகு வெறும் குருத்தெலும்பு. ஒரு வயதளவில் அதற்குள் தனியாக எலும்பு முளைத்தது. தோள்பட்டையோடு அது ஒட்டுவது சுமார் 15 வயதில்தான். இதைப் படிக்கும் உங்களுக்குப் பத்து வயது என்றால், உங்கள் காக்கை அலகு இன்னும் தனி எலும்புதான்.