‘சுண்டுதல்’: ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை முன்வைத்து ஒரு சமையல் வினையின் பொருளாய்வு

முன்னுரை

ஆங்கிலச் சமையல் நூல்களில் பயிலும் ‘ரெட்யூஸ்’ என்னும் வினையைக் ‘குறை’ எனத் தமிழாக்கினால் பொருள் பிறழும். ‘பாலைக் குறைக்கவும்’ என்பதைப் படிப்பவர், குறைவாகப் பால் ஊற்ற வேண்டும் என்றே கொள்வர். இவ்வினைக்கு நிகராகத் தமிழில் வழங்குவது ‘சுண்டு’ என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆங்கில வினையின் தோற்றம்

‘மீள’ எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டும், ‘நடத்திச்செல்’ என்னும் வினையும் இணைந்து பிறந்த சொல் இது. ‘மீளக் கொணர்தல்’ என்னும் முதற்பொருள் நாளடைவில் அளவு சிறுத்தலைக் குறித்தது. சமையலில், நீர்மத்தைக் கொதிக்கவிட்டுச் செறிவாக்குதலைச் சுட்டுகிறது.

பால்கோவாவும் சுண்டுதலும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீரே. சர்க்கரை சேர்த்து, அகன்ற சட்டியில் இடைவிடாது கிளறிக் காய்ச்சுகையில் அந்நீரின் பெரும்பகுதி ஆவியாகிறது; கொழுப்பும் புரதமும் பாற்சர்க்கரையும் திரள்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அண்டை நகரான இராஜபாளையத்திலும் இந்நிலையைப் ‘பால் சுண்டிவிட்டது’ என்பர்.

‘வற்று’ என்பது இதற்கு நெருங்கிய வினை. எனினும் குளமும் கிணறும் வற்றுமேயன்றிச் சுண்டுவதில்லை. வற்றுதலுக்கு நெருப்பு வேண்டுவதில்லை. நீர் நீங்குதலே அங்குப் பொருள். சுண்டுதலிலோ அடுப்பின் சூடும், எஞ்சிய பொருளின் செறிவும் உடன் உணர்த்தப்படுகின்றன.

இலக்கண அமைதி

‘உருகு – உருக்கு’, ‘சுருங்கு – சுருக்கு’ என்பன போல் இப்பொருளில் ‘சுண்டு’ வல்லினம் இரட்டித்துப் பிறவினையாவதில்லை. ஆதலின் ‘சுண்டக் காய்ச்சு’ என வழங்குகிறோம். இங்குச் ‘சுண்ட’ என்னும் செயவென் எச்சம் காரியப் பொருளது: காய்ச்சுதல் காரணம், சுண்டுதல் அதன் விளைவு. ‘வற்றல்’ போலவே ‘சுண்டல்’ என்பதும் தொழிலாகுபெயராய் உணவைக் குறிக்கிறது. ‘முகம் சுண்டிவிட்டது’ என்னும் வழக்கு, பொலிவு வாடுதலுக்கு இவ்வினை விரிந்ததைக் காட்டுகிறது. விரலால் தெறித்தலைக் குறிக்கும் ‘சுண்டு’ செயப்படுபொருள் குன்றாவினை. பொருளாலும் வேறுபடுவதால் அதனைத் தனிச்சொல்லாகக் கொள்ளல் தகும்.

முடிவுரை

ஆங்கில வினை அளவின் குறைவை முன்னிறுத்த, தமிழ் வினை எஞ்சுவதன் செறிவையும் சேர்த்துணர்த்துகிறது. எனவே, சமையற்பொருளில் ‘ரெட்யூஸ்’ என்பதற்கு இருமொழி அகராதிகள் ‘சுண்டு’, ‘சுண்டக் காய்ச்சு’ ஆகியவற்றைத் தனிப்பொருளாகத் தருதல் வேண்டும். அடுப்படியில் வாழும் வினைச்சொற்களைத் தொகுப்பது கலைச்சொல்லாக்கத்திற்கும் துணைபுரியும்.