விலைக்குப் பருவம் உண்டோ?

ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தனர் நம் முன்னோர். வன்னி உழவனோ அதனைக் காலபோகம், சிறுபோகம் என இரண்டாகவே கொள்வான். வடகீழ்ப் பருவக்காற்று மழை கொணரும், இரணைமடுவும் வவுனிக்குளமும் நிறையும், வயல் விளையும். மழை சில ஆண்டு பிந்தலாம், பொய்க்கவும் செய்யலாம். ஆயினும் அதன் வரவுக்குக் காரணம் வானிலும் கடலிலும் உண்டு. இன்று கைப்பேசி வழியே நம் இளைஞர் செவிக்கு வேறொரு பருவக் கணக்கு எட்டுகின்றது. பிட்கொயின் என்னும் மெய்நிகர் நாணயம் நான்காண்டுக்கு ஒருமுறை உச்சி ஏறும் என்பதே அது. இக்கூற்றின் மெய்ம்மையை ஆராய்தல் தகும்.

2009 ஆம் ஆண்டு தோன்றிய இந்நாணயத்துக்கு எவ்வரசும் பொறுப்பில்லை. இதன் கணக்கேட்டை உலகெங்குமுள்ள கணினிகள் பேணுகின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய ஏடு சேரும். சேர்த்தவர்க்குப் புதிய நாணயம் பரிசாகும். முதலில் 50 ஆயிருந்த அப்பரிசு, 2,10,000 ஏடுகள் சேருந்தோறும் பாதியாகும். அவ்வாறு 2012, 2016, 2020, 2024 ஆம் ஆண்டுகளில் குறைந்து, இன்று 3.125 ஆக நிற்கின்றது. நாணயங்களின் மொத்தத் தொகை 210 இலட்சத்தைக் கடவாது.

இனி விலையை நோக்குவோம். 2013 இறுதியில் 1,100 டொலரைக் கடந்த விலை, 2015 தொடக்கத்தில் 200 டொலர் அளவுக்கு வீழ்ந்தது. 2017 டிசெம்பரில் 20,000 டொலரை நெருங்கி, ஓராண்டில் 3,200 டொலர் அளவுக்கு இறங்கிற்று. 2021 நவம்பரில் 69,000 டொலரை எட்டி, மறு நவம்பரில் 16,000 டொலருக்கும் கீழே சென்றது. 2025 ஒக்ரோபரில் 1,26,000 டொலர் அளவை அடைந்தது. வரவு குறைய விலை ஏறும். ஆதலின் இஃது இயற்கை நியதியே என்பர் சிலர்.

நியதி எனின், அளவு மாறலாகாது. ஆனால் உச்சிக்கு உச்சி பெருக்கம் பதினேழு மடங்கு, மூன்றரை மடங்கு, இரு மடங்குக்கும் குறைவு எனத் தேய்ந்துள்ளது. மேலும், 2024 இல் பரிசு பாதியானது ஏப்ரில் மாதத்தில். விலை பழைய உச்சியைக் கடந்ததோ அதற்கு முந்திய மார்ச்சில். முந்திய சுற்றுகளில் அவ்வாறு நிகழ்ந்திலது. யாவரும் முன்னறிந்த நாளுக்கு முன்னரே வாங்குவோர் முந்துவர் அன்றோ? நான்கு நிகழ்ச்சி கொண்டு விதி வகுத்தல், நான்கு சொற் கண்டு இலக்கணம் எழுதுதலை ஒக்கும்.

வன்னியும் ஒரு விலை உச்சியைக் கண்டதுண்டு. 1970 இல் அமைந்த அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே, செத்தல் மிளகாயும் வெங்காயமும் விலையேறின. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய குடியேற்றங்களில் இளைஞர் மிளகாய் நட்டு வாழ்வு கண்டனர். 1977 இல் ஆட்சி மாறிற்று, இறக்குமதிக் கதவு திறந்தது, விலை சரிந்தது. மண்ணும் நீரும் முன்போலவே இருந்தன. கொழும்பில் எடுத்த முடிவொன்றே வேறாயிற்று. எனினும், மிளகாய் விலை வீழ்ந்தவனுக்குத் தோட்டமும் கிணறும் எஞ்சின. பிட்கொயின் வீழ்ந்தவனுக்கு எஞ்சுவது யாது?

ரூபாவின்மீது நம்பிக்கை தளர்ந்தோரைக் குறை கூறல் ஆகாது. 200 ரூபா அளவில் நின்ற டொலர், 2022 மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியதை நாம் கண்டோம். ஆயினும் அதே ஆண்டில் பிட்கொயினும் தன் மதிப்பிற் பாதிக்கு மேல் இழந்தது. மெய்நிகர் நாணயம் சட்டமுறை நாணயமன்று எனவும் இடர் மிக்கது எனவும் இலங்கை மத்திய வங்கி 2021 இலும் 2022 இலும் எச்சரித்தது.

100 ரூபா 84 வீதம் வீழின் 16 ரூபாவாகும். அது மீண்டும் நூறாக ஆறு மடங்குக்கு மேல் ஏறல் வேண்டும். “பொறுத்திரு, மீளும்” என்பது பொறுக்க வல்லார்க்கு உரிய அறிவுரை. நகையை அடகு வைத்தவனுக்காக வட்டி பொறுத்திராது. போரில் யாவும் இழந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த குடும்பங்கள் வாழும் மண் இது. ஆசிரியர்கள் இவ்வெளிய வீதக் கணக்கை வகுப்பில் மாணவர் தாமே செய்து பார்க்க வைத்தல் நன்று. அக்கணக்கை ஒருமுறை செய்தவன், விதைநெல்லை விற்றுப் பிறர் ஆசையிற் பயிரிடத் துணியான்.