இடம் மாறும், எண் மாறாது

கரூரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “கடை லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி வாங்கினேன். யூஎஸ்பி கேபிளில் அதை மாட்டி, சி டிரைவில் இருந்த அத்தனையையும் காப்பி எடுத்து அதில் போட்டேன். சில ஃபைல்களை எடுக்க முடியவில்லை, விட்டுவிடவா என்று கேட்டது. சரி என்றேன். மூன்று மணி நேரம் ஓடியது. பழைய டிஸ்க்கைக் கழற்றி இதைப் பொருத்தினால், பூட் செய்ய எதுவும் இல்லை என்கிறது. எல்லாம்தான் உள்ளே இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?”

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்ததிலிருந்து இப்படிப்பட்ட கேள்விகள் அடிக்கடி வருகின்றன. பழைய கணினியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று யோசிப்பவர்களிடம் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: எஸ்எஸ்டி போடுங்கள், புதுசாகிவிடும். போடலாம், நல்ல யோசனைதான். ஆனால் குடிபெயர்வது அந்த ஒரு வாக்கியத்தில் முடிகிற வேலையில்லை.

முதலில் அந்த ‘விட்டுவிடவா’. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது தன் பதிவேட்டு ஃபைல்களைப் பூட்டி வைத்திருக்கும். ரெஜிஸ்ட்ரி என்று சொல்கிறோமே, அதுதான். எந்த மென்பொருள் எங்கே நிறுவப்பட்டிருக்கிறது, எந்த வன்பொருளுக்கு எந்த டிரைவர், எல்லாம் அதற்குள் இருக்கிறது. வாசகர் விட்டுவிட்டது அதைத்தான். ஃபோல்டர் வந்துவிட்டது, ஃபோல்டருக்கு உயிர் கொடுக்கும் குறிப்பு வரவில்லை.

அதையும் எடுத்திருந்தாலும் பூட் ஆகியிருக்காது. கணினியை ஆன் செய்ததும் அதன் ஃபர்ம்வேர் சி டிரைவைத் தேடுவதில்லை. ‘சி’ என்ற எழுத்தே விண்டோஸ் விழித்த பிறகு அது தன் வசதிக்குச் சூட்டும் பெயர். ஃபர்ம்வேர் தேடுவது இஎஃப்ஐ என்ற குட்டிப் பார்ட்டிஷனை. பல கணினிகளில் 100 எம்பி அளவில், எழுத்தே இல்லாமல், எக்ஸ்ப்ளோரரில் கண்ணுக்குப் படாமல் கிடப்பது. அதற்குள் இருக்கும் ஒரு சிறு பட்டியல், விண்டோஸ் எந்த டிஸ்க்கில், எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்பதை நீண்ட அடையாள எண்களால் குறித்து வைத்திருக்கிறது. காப்பி செய்யும்போது இந்தப் பார்ட்டிஷன் வாசகரின் கண்ணிலேயே பட்டிருக்காது.

குளோன் என்பது இதிலிருந்து வேறுபட்ட வேலை. அது ஃபைல்களைப் பார்ப்பதில்லை, எண்களைப் பார்க்கிறது. 500 ஜிபி டிஸ்க் என்றால், 512 பைட்டுக்கு ஓர் அறையாக ஏறக்குறைய 97 கோடியே 67 லட்சம் அறைகள். பூஜ்யத்திலிருந்து எண் போட்டிருக்கும். பழையதில் எண் 2048-இல் இருப்பதை எடுத்துப் புதியதில் எண் 2048-இல் வை, அடுத்தது 2049. இவ்வளவுதான். எண்கள் மாறாததால், அந்த எண்களை நம்பி எழுதப்பட்ட எல்லாக் குறிப்புகளும் புது டிஸ்க்கிலும் உண்மையாகவே இருக்கின்றன. தான் வீடு மாறியது விண்டோஸுக்குப் பெரும்பாலும் தெரிவதேயில்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஹார்ட் டிஸ்க்கில் அந்த எண் ஏறக்குறைய ஒரு நிஜ இடம். தட்டில் இந்த வட்டம், இந்த வட்டத்தில் இந்தத் துண்டு என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். எஸ்எஸ்டியில் எண் 2048 என்று ஓர் இடமே கிடையாது.

கோலம் போடும் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாசலும் பல நூறு சிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. காலிக் கட்டத்தில் கோலம் போடலாம். போட்ட கோலத்தில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் துடைக்கவும் முடியாது. வேண்டுமானால் முழு வாசலிலும் வாளித் தண்ணீரை ஊற்றி மொத்தமாகக் கழுவலாம். ஃப்ளாஷ் சில்லின் இயல்பு இதுதான். எழுதும் கட்டம் பொதுவாக 16 கிலோபைட், கழுவும் வாசல் பல மெகாபைட். எழுதுவது என்றால் நுண்ணிய சிறைகளுக்குள் எலக்ட்ரான்களைத் திணிப்பது. எந்தச் சிறை என்று தேர்ந்தெடுத்துத் திணிக்கலாம். வெளியே இழுக்க வேண்டுமென்றால், ஒரு வாசலில் உள்ள சிறைகள் அத்தனைக்கும் பொதுவான அடித்தளத்தில் 20 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். அது ஒன்றை மட்டும் இழுக்காது. இழுக்கும் ஒவ்வொரு முறையும் சிறைச் சுவரின் மெல்லிய காப்புப் படலம் கொஞ்சம் தேய்கிறது. இன்று பரவலாக விற்கும் மூன்று பிட் வகைச் சில்லுகள் சுமார் 1000 முதல் 3000 கழுவல்கள் வரை தாங்கும்.

இந்தத் தெருவில் ஒரு பெரியம்மா கையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். கன்ட்ரோலர் சில்லு. விண்டோஸ் வந்து “எண் 5000-இல் உள்ளதை மாற்று” என்றால், பெரியம்மா பழைய கோலத்தைத் தொடுவதில்லை. வேறு வாசலில் காலிக் கட்டம் பார்த்துப் புதுக் கோலத்தைப் போட்டுவிட்டு, நோட்டில் “5000 இனி இங்கே” என்று எழுதிக்கொள்கிறார். பழையது செல்லாத கோலம். காலிக் கட்டங்கள் குறையக் குறைய, தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்து எழுந்து, செல்லாத கோலங்கள் நிறைந்த ஒரு வாசலைத் தேர்ந்தெடுக்கிறார். அதில் மிச்சமிருக்கும் நல்ல கோலங்களை வேறிடத்தில் அப்படியே போட்டு, நோட்டைத் திருத்தி, வாசலைக் கழுவி விடுகிறார். இதற்குக் கைவசம் வாசல்கள் வேண்டுமே. அதனால்தான் பெட்டியில் அச்சிட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதல் இடம் உள்ளே ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்கிறார். சில வாசல்களில் யாரும் மாற்றாத கோலங்கள் வருடக்கணக்கில் கிடக்கும். விண்டோஸின் எழுத்துருக்கள், உதவிப் பக்கங்கள், நீங்கள் என்றோ சேமித்து மறந்த கல்யாண ஆல்பம். அந்த வாசல் தேயாமல் இருக்க, பக்கத்து வாசல்கள் மட்டும் கழுவிக் கழுவித் தேய்ந்துபோகும். எனவே அசையாமல் கிடப்பதையும் அவ்வப்போது கிளப்பித் தேய்ந்த வாசலுக்கு அனுப்பிவிட்டு, தேயாததைப் புழக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறார். அந்த ஆல்பத்தை நீங்கள் திறந்தே பார்க்கவில்லை என்றாலும், அடுத்த வருடம் அது இதே சில்லின் இதே மூலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு முறை குளோன் செய்ததோடு குடிபெயர்ச்சி முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே அது நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. எண்ணைக் கேட்டால் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியான கோலம் வந்து நிற்கிறது. தினமும் கைக்குள் இருக்கும் ஒரு பொருளில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

வரலாறு கொஞ்சம். தோஷிபாவில் இருந்த ஃபூஜியோ மசுவோக்கா ஃப்ளாஷ் நினைவகத்தை 1984-இலும், இன்று எஸ்எஸ்டிகளில் உள்ள நேண்ட் வகையை 1987-இலும் உலகுக்கு அறிவித்தார். மொத்தமாக ஒரே நொடியில் அழிவது கேமரா ஃப்ளாஷை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஷோஜி அரிஸூமி சொன்ன பெயர் அது. பெரியம்மாவின் நோட்டுக்கு 1993-இல் காப்புரிமை கேட்டவர் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் அமிர் பான்.

ஒரு விஷயம் பெரியம்மாவுக்குத் தானாகத் தெரியாது. நீங்கள் ஒரு படத்தை அழித்தால், விண்டோஸ் தன் கணக்கில் மட்டும் அடித்துவிடும். தனியாகச் சொல்லி அனுப்பாவிட்டால் தெருவுக்குத் தகவல் போகாது. அவர் அந்தக் கோலத்தை இன்னும் வேண்டியது என்றே நம்பி, ஒவ்வொரு கழுவலிலும் சிரத்தையாக மறுபடி போட்டுக்கொண்டிருப்பார். “இந்த எண்கள் இனி வேண்டாம்” என்று சொல்லி அனுப்பும் கட்டளைக்குப் பெயர் ட்ரிம். 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்தது. குளோனில் இது முக்கியம். எல்லா எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், பழைய டிஸ்க்கில் என்றோ அழித்த குப்பையும் புதுத் தெருவில் உயிருள்ள கோலமாகப் போய் உட்காரும். பயன்பாட்டில் உள்ள எண்களை மட்டும் எடுக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். குளோன் முடிந்து விண்டோஸ் திறந்ததும் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ போய் ஒரு முறை ஓட்டுங்கள். பெரியம்மாவுக்குச் சரியான பட்டியல் போய்ச் சேரும்.

மிகப் பழைய கணினி என்றால் இன்னொரு சிக்கல். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் முதல் பார்ட்டிஷன் எண் 63-இல் தொடங்கும். 63 முறை 512 என்றால் 32,256 பைட். இது கட்டத்தின் அளவான 16 கிலோபைட்டால் சரியாக வகுபடாது. அதை அப்படியே குளோன் செய்தால் பல கோலங்கள் இரண்டு கட்டங்களின் கோட்டைத் தாண்டி விழுந்து, ஒரு வேலைக்கு இரண்டு வேலை வைக்கும். விஸ்டாவிலிருந்து தொடக்கம் 2048-ஆகிவிட்டது. சரியாக ஒரு மெகாபைட்.

வேகம் பற்றிப் பெட்டியில் அச்சிடுவதை நம்பி அதிகப் பணம் கொடுக்காதீர்கள். 5400 சுற்று ஹார்ட் டிஸ்க் ஒன்று வேண்டிய துண்டு தலைக்குக் கீழே வர சராசரியாக 5.6 மில்லிநொடி காத்திருக்கிறது. முள் நகரும் நேரம் தனி. ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்கு நூறுக்கும் குறைவாகத்தான் எடுத்துத் தரும். பூட் ஆகும்போது விண்டோஸ் கேட்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட துண்டுகளைத்தான். எஸ்எஸ்டியில் காத்திருக்க எதுவும் சுற்றவில்லை, முதல் நாளே வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் நொடிக்கு 550 எம்பி தரும் சாட்டா எஸ்எஸ்டிக்குப் பதில் 7000 எம்பி என்று எழுதிய என்விஎம்இ வாங்கினால், விண்டோஸ் பன்னிரண்டு மடங்கு சீக்கிரம் திறக்காது. அந்த 7000 என்பது பெரிய ஃபைலை வரிசையாக அள்ளும் வேகம். ஜவுளிக் கடை பில்லுக்கு அது தேவையில்லை. பழைய பிராசஸர் பழைய பிராசஸராகவே இருக்கும் என்பதையும் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

வாசகருக்கு: ஒட்டியதை அழித்துவிட்டு குளோன் செய்யுங்கள். அதற்கு முன் முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்கில் தனியாக எடுத்து வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பழையதைக் கழற்றிய பிறகே புதியதில் முதல் முறை பூட் செய்யுங்கள். எண்ணுக்கு எண் எடுத்த இரண்டு டிஸ்க்குகளுக்கும் அடையாளம் ஒன்றே என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

குளோனால் கொண்டுபோக முடியாத எண்ணும் ஒன்று உண்டு: தொழிற்சாலையில் டிஸ்க்குக்குப் பொறித்த சீரியல் எண். சில மென்பொருள்கள் தங்கள் உரிமத்தை அதோடு கட்டி வைத்திருக்கும். உங்கள் பில்லிங் மென்பொருள் திறந்ததும் உரிமம் கேட்டால் பதற வேண்டாம், குளோனில் தவறு இல்லை. விற்றவரைக் கூப்பிட்டு உரிமத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு பில் போட்டு, அச்சடித்து, மாதக் கணக்கையும் ஒரு முறை எடுத்துப் பார்க்கும் வரை பழைய டிஸ்க்கை அழிக்காமல், மேலே தேதி எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருங்கள்.