மூச்சு முதலில், குரல் பிறகு



எச்சில் விழுங்கும்போது கழுத்தின் முன்புறத்தில் மேலும் கீழும் அசையும் கெட்டியான பகுதியே குரல்வளை. குருத்தெலும்பால் ஆன இச்சிறு பெட்டியின் வழியாகத்தான் நாம் சுவாசிக்கும் காற்று நுரையீரலுக்குச் செல்கிறது. இதனுள் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் அதிர்வதால் பேச்சு பிறக்கிறது.

இருசக்கர வாகனத்தின் சக்கரத்தில் துப்பட்டா சிக்கிக் கழுத்தை இறுக்கும்போதும், சாலையின் குறுக்கே கட்டிய கயிற்றில் கழுத்து மோதும்போதும் குரல்வளை நொறுங்கிவிடும். பட்டம் விடும் நைலான் மாஞ்சா நூல் கழுத்தையே அறுத்துவிடும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017ஆம் ஆண்டு அதற்கு நாடெங்கும் தடை விதித்தது.

அடிபட்டவர் எழுந்து நடக்கலாம், பேசவும் செய்யலாம். வெளியே காயம் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் உள்ளே வீக்கம் கூடினால் சில மணி நேரத்தில் மூச்சுப் பாதை அடைபடும். குரல் கம்முதல், மூச்சில் இரைச்சல், இருமலில் இரத்தம், விழுங்கும்போது வலி, கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

மூச்சுக்கு வழி செய்வதே முதல் வேலை. வாய் வழியே குழாய் செலுத்தினால் நொறுங்கிய பகுதி மேலும் கிழியக்கூடும். ஆகவே பலத்த காயங்களில், பெரும்பாலும் நோயாளி விழித்திருக்கும்போதே மரத்துப்போக ஊசி போட்டு, குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் வைக்கிறோம். இதுவே டிரக்கியாஸ்டமி. பிறகே சி.டி. ஸ்கேன்.

அறுவை சிகிச்சையைக் கூடியவரை 24 மணி நேரத்திற்குள் செய்வது நல்லது. குரல்வளையை முன்புறம் திறந்து, கிழிந்த உட்சவ்வைத் தானே கரையும் மெல்லிய நூலால் தைத்து, முறிந்த குருத்தெலும்பைச் சிறு தகடுகளால் பொருத்துகிறோம். உட்புறம் மிகவும் சிதைந்திருந்தால், சுவர்கள் ஒட்டிக்கொள்ளாதபடி சுமார் இரண்டு வாரம் ஸ்டென்ட் வைப்பதுண்டு. தாமதமானால் தழும்பு இறுகிப் பாதை சுருங்கும். சிலர் நெடுநாள் குழாயோடு வாழ நேரிடும்.

குழாய் வைத்த தொடக்க நாட்களில் நோயாளியால் குரல் கொடுக்க இயலாது. நள்ளிரவில் குழாயைச் சளி அடைத்தாலும் யாரையும் கூப்பிட முடியாது. எனவே படுக்கையருகே ஒரு மணி, ஒரு சிலேட்டு, சளி உறிஞ்சும் கருவி, கண்விழித்திருக்கும் ஒரு செவிலியர் ஆகிய நான்கும் வேண்டும். அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தக் காவலோ பல இரவுகள் தொடரும். நீங்கள் அனுப்பும் காணிக்கை இத்தகைய இரவுகளையும் தாங்குகிறது.

இப்படிப்பட்டவரைப் பார்க்கச் சென்றால், தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளையே கேளுங்கள். பழைய குரல் எல்லோருக்கும் திரும்புவதில்லை. கரகரத்த குரலில் அவர் பேசத் தொடங்கும்போது அவசரப்படுத்தாமல், முடிக்கும்வரை பொறுத்திருந்து கேளுங்கள்.