காசு கையில் வந்தால்

பருத்தித்துறையில் தொடங்கிய எமது மோட்டார் சைக்கிள் பயணம் தெய்வேந்திரமுனையில் நிறைவுற்றது. வழிநெடுகக் கேட்டது ஒன்றே: காசு கையில் வந்தால் என்ன செய்வீர்கள்?

வன்னிப் பெண்கள் தங்கம் என்றனர். இடம்பெயரும்போது காணியைத் தூக்கிச் செல்ல முடியாது, காப்பைக் கொண்டுபோகலாம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறி, வங்கிக் காசு கரைந்தபோது அவர்கள் கணக்கே சரியாயிற்று. ஆனால் அடகு மீளாவிட்டால் அதுவும் போயிற்று.

தெற்குச் சிங்களக் கிராமங்களில் மரண உதவிச் சங்கத்தைச் சொன்னார்கள். மாதச் சந்தா சிறிது. சாவீட்டுக்குக் கடன்பட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு.

நுண்கடன் என்றதும் இரு பக்கத்திலும் குரல் தாழ்ந்தது. தவணை கிழமைக்கு ஒருமுறை, அறுவடையோ போகத்துக்கு ஒருமுறை. இடையில் பசுவை விற்றுத்தான் கட்டுகிறார்கள். அறுவடைக்குப் பின் கட்டலாமா என்று கேட்டறியாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.