வழுக்கை எந்த முடியில் தொடங்குகிறது?

ஸ்ட்ரிஜில் என்பது வெண்கலத்தாலான ஒரு வளைந்த கருவி. பண்டைய கிரேக்க ஆண்கள் உடற்பயிற்சிக்கு முன் ஆலிவ் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். முடிந்ததும் எண்ணெய், வியர்வை, புழுதி மூன்றையும் இதன் குழிந்த அலகால் வழித்தெடுப்பார்கள். வழித்த கசடு மருந்தாக விலைபோனது. நம்பித்தான் ஆக வேண்டும்.

இனி தலைக்கு வருவோம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேட்டஸ் நகரத்து யூபுலிடீஸ் பெயரால் வழங்கும் புதிர் இது: ஒரு முடி உதிர்ந்தால் ஒருவன் வழுக்கையனாகிவிடுவானா? மாட்டான். இன்னொன்று உதிர்ந்தால்? அப்போதும் மாட்டான். இப்படியே போனால் முழு மொட்டையைக்கூட வழுக்கை என்று சொல்ல வழியில்லை. காலையில் சீப்பைப் பார்த்துக் கலங்குகிறவர்களுக்கு இதைவிட ஆறுதலான தத்துவம் கிடையாது.

பிளேட்டோவின் ‘பார்மெனிடீஸ்’ உரையாடலில், முடிக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும் என்றும் மாறாத மூலவடிவம் உண்டா என்று கேட்டதும் இளம் சாக்ரடீஸ் திணறிப்போகிறார். நகத்திடுக்கைப் பற்றிக் கேட்காமல் விட்டார்களே, அதுவரைக்கும் பிழைத்தார்.

சவரத்துக்கு மட்டும், எதையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் புதிரைச் சொன்ன கிரேக்கத் தத்துவஞானி ஸீனோவிடம் போய்விடாதீர்கள். முதலில் பாதித் தாடி, பிறகு மீதியில் பாதி, பிறகு அதிலும் பாதி... கூலியை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்வார்.